விறகுக்கு மேலிருந்து, கரிக்குக் கீழிருந்து

பிரிட்டனில் பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்களில் சிலருக்கு, வரவேற்பறையில் ஓர் இரும்பு அடுப்பும் சேர்ந்தே வாய்க்கிறது. முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே சுவருக்குள் ஏறும் கறுப்புக் குழாய், கீழும் மேலும் திருகவோ இழுக்கவோ சில பிடிகள். இதுதான் மல்டிஃபியூவல் ஸ்டவ். விறகும் எரிக்கலாம், புகையில்லா நிலக்கரியும் எரிக்கலாம்.

ஊரில் மூன்று கல் வைத்துச் சமைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, நெருப்பு மூட்ட நமக்கா தெரியாது என்று தோன்றும். தெரியும்தான். ஆனால் அந்த அடுப்புக்கு எல்லாப் பக்கமும் காற்று வரும். புகை கூரை இடுக்கு வழியே போய்விடும். இங்கே நெருப்பு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டியோ குளிருக்கு அடைத்த வீட்டுக்குள் இருக்கிறது. காற்று எந்த வழியே நுழைய வேண்டும், புகை எந்த வழியே வெளியேற வேண்டும் என்பது நம் கையில். இவ்விரண்டும் பிடிபட்டால் மீதி தானாக வரும்.

கீழே, சாம்பல் தட்டின் பக்கம் இருப்பது முதல் காற்றுவழி. கண்ணாடிக்கு மேலே இருப்பது இரண்டாவது. நிலக்கரிக்குக் கீழ்க்காற்று வேண்டும். இரும்புக் கம்பித் தட்டு இருப்பதே அதற்காக. விறகு வேறு மாதிரி. சூடேறியதும் அதிலிருந்து வாயு கிளம்புகிறது, நாம் பார்க்கும் சுடர் பெரும்பாலும் அந்த வாயு எரிவதுதான். அதற்கு மேலிருந்து காற்று வர வேண்டும். அதனால் நிலக்கரி எரிப்பவர்கள் கம்பித் தட்டைக் குலுக்கிச் சாம்பலை உதிர்த்துவிட வேண்டும். சாம்பல் தட்டு நிறைந்து சாம்பல் கம்பியைத் தொட்டால் குளிர்ந்த காற்று கிடைக்காமல் கம்பியே வளைந்து கெட்டுப்போகும். விறகு எரிப்பவர்கள் ஓர் அங்குலச் சாம்பலை மெத்தைபோல விட்டுவைக்கலாம். இரண்டையும் கலந்து எரிக்காதீர்கள். விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிப் புகைபோக்கிக்குள் இருக்கும் எஃகுக் குழாயை அரித்துவிடும்.

எதை எரிக்கலாம் என்பதில் சட்டமும் தலையிடுகிறது, சரியாகவே தலையிடுகிறது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நச்சுப் புகையில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்; அதன் விளைவுதான் 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். இன்று இங்கிலாந்தில் வீட்டுக்குச் சாதாரண நிலக்கரி விற்க முடியாது. 2023 மே மாதம் தடை முழுமையானது. சிறு மூட்டைகளில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மூட்டையில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஈரமானி இருந்தால் கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்துங்கள். வெளிப்பக்கம் பெரும்பாலும் காய்ந்ததாகவே காட்டும். பெயின்ட் அடித்த பலகை, பழைய வேலிக்கட்டை, பிளாஸ்டிக், குப்பை எதுவும் இந்த அடுப்புக்குள் போகக்கூடாது. அவற்றின் புகையில் நஞ்சு இருக்கிறது.

இனி மூட்டுவது. அடியில் நடுத்தரமான இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு வையுங்கள். அதன்மேல் விரல் தடிமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு அடுக்குங்கள். உச்சியில் ஒரு ஃபயர்லைட்டர். இரண்டு காற்றுவழிகளையும் முழுக்கத் திறந்து, உச்சியில் பற்றவையுங்கள். தலைகீழாகத் தெரியும், ஆனால் காரணம் உண்டு. மேலே எரியும் சுடர் முதலில் குளிர்ந்த புகைபோக்கியைச் சூடாக்கி இழுவையை உண்டாக்குகிறது. அடிக்கட்டை புகையத் தொடங்கும்போது அந்தப் புகை சுடரைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் வழியிலேயே எரிந்துவிடுகிறது. முதல் சில நிமிடம் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, பக்கத்திலேயே இருங்கள். சுள்ளிகள் பற்றியதும் கதவை மூடுங்கள். கட்டைகளும் பிடித்த பிறகு கீழ்க்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, மேல்காற்றால் ஓட்டுங்கள். நெருப்பு பிடிக்கவில்லையென்று மண்ணெண்ணெய் தெளிக்கும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. மூடிய பெட்டியில் அதன் ஆவி சேர்ந்து, தீக்குச்சி பட்டதும் முகத்தில் வெடிக்கும்.

எரியும்போது கண்ணாடியைப் பாருங்கள். அது கறுத்துக்கொண்டே வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுப் போதவில்லை. விறகைப் போட்டு, காற்றை இறுக மூடி, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று படுக்கப்போவதுதான் நான் கண்டவற்றில் மிக மோசமான வழக்கம். அரைகுறையாக எரிந்த புகை தாராகப் படிந்து, ஒருநாள் புகைபோக்கிக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். ரயில் போவதுபோல இரைச்சல் கேட்டால் காற்றுவழிகளை எல்லாம் அடைத்து, வீட்டாரை வெளியேற்றி, அவசர எண் 999-ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இடையில் கட்டை போடும்போது முதலில் காற்றைத் திறந்து, கதவை மெல்ல விலக்கி, ஒரு நொடி பொறுத்துப் பிறகு முழுக்கத் திறந்தால் புகை அறைக்குள் அடிக்காது.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. சமையலறையில் வடை பொரிக்கும்போது போடும் புகையுறிஞ்சி விசிறி, வீட்டுக்காற்றை வெளியே இழுக்கிறது. பக்கத்து அறை அடுப்பின் புகையும் அதோடு கீழிறங்கலாம். அப்போது ஒரு சன்னலைத் திறந்துவையுங்கள். அடுப்புக்காகச் சுவரில் காற்றுத்துளை வைத்திருந்தால், குளிர் வருகிறதென்று அதில் துணி அடைக்காதீர்கள்.

சாம்பல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே கல்தரையில் வையுங்கள். ஒருபோதும் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டாதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்று தொடங்குவதால் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். புகை அலாரம் இதைக் காட்டிக்கொடுக்காது. தனி அலாரம் வேண்டும், அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள். அது அடித்தால் கதவு, சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையென்றால் 999.

புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துப்புரவாக்க வேண்டும், விறகே எரிப்பவர்கள் அதற்கு மேலும். வசந்தத்தில் பறவைகள் அதற்குள் கூடு கட்டியிருக்கவும் கூடும். குளிர் தொடங்குமுன் துப்புரவாளரிடம் தேதி வாங்குங்கள்; அன்றைக்கே அலாரத்தின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். இவை இரண்டும் முடியாமல் இந்த ஆண்டின் முதல் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டாம்.