தன் ஆட்களையே பலி கொடுக்கும் ரென்

சீட்டாட்டம்னு சொன்னதும் யாரும் முறைக்காதீங்க. இது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. 'கார்டுஃபைட்!! வான்கார்ட்' என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடர் 2011 ஜனவரியில் அந்த நாட்டு டி.வி.யில் தொடங்கியது. அதில் கதாநாயகன் ஐச்சிக்கு எதிராளியாக வரும் சுசுகமோரி ரென் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஐச்சியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க!

முதலில் ஆட்டத்தைச் சொல்லிடறேன். ஒவ்வொருவரிடமும் 50 கார்டுகள். நடுவில் நிற்பவன் முன்னணி வீரன், அவன்தான் 'வான்கார்ட்'. அவனைச் சுற்றி ஐந்து துணை வீரர்கள் வரை நிற்கலாம். முன்னணி வீரன் ஆறு அடி வாங்கினால் ஆட்டம் முடிந்தது.

ஐச்சியின் படை ராயல் பாலடின். வெள்ளைக் கவசம் போட்ட வீரர்கள். அவனுடைய உயிர்க் கார்டு பிளாஸ்டர் பிளேட். ரென்னின் படை ஷேடோ பாலடின். அவனிடம் இருப்பது கறுப்புக் கவசம் போட்ட பிளாஸ்டர் டார்க். வேடிக்கை என்னன்னா, இரண்டு படையும் ஒரே நாட்டுப் படைதான்! இரண்டு வீரர்களுக்கும் வலிமை 9,000தான்.

ஆனால் ரென்னிடம் பேன்டம் பிளாஸ்டர் டிராகன் என்று ஒன்று இருக்கு. அதன் வலிமை 10,000. வாங்கிய அடிக்கான கார்டுகளில் இரண்டைக் கவிழ்த்து, தன் துணை வீரர்கள் மூன்று பேரைத் தானே களத்தை விட்டு அனுப்பினால் அது 20,000 ஆகிவிடும். ஒரே வெட்டில் இரண்டு அடி விழும். ஐந்து பேரில் மூன்று பேர் போயாச்சு, அதுவும் எதிரி கையால் இல்லை!

நானும் தம்பியும் கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் கார்டு வரைந்து ஆடினோம். நான்தான் ரென். ஜெயித்தேன். தம்பி தோற்றதுக்கு அழலை. "நான் வரைஞ்ச மூணையும் ஏன் தூக்கிப் போட்டே?"ன்னு கேட்டான். ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்லை.

ரென்னும் பிறக்கும்போதே இப்படி இல்லை. நடுநிலைப் பள்ளியில் காய், டெட்சு இருவரும் அவன் கூட்டாளிகள். சைக் குவாலியா என்ற சக்தி அவனுக்கு வந்தது. கார்டுகளின் குரல் காதில் கேட்கும். அப்புறம் மனுசங்க குரல் கேட்கலை! ஜெயிப்பது மட்டுமே குறி. காய் பிரிந்து போய்விட்டான். சின்ன வயதில் ஐச்சிக்கு பிளாஸ்டர் பிளேடைக் கொடுத்தவனும் இதே காய்தான். பிறகு ஐச்சிக்கும் அந்தச் சக்தி வந்து, ரென் கொடுத்த கறுப்புப் படையோடு கொஞ்ச நாள் திரிந்தான். காய் ஆடித்தான் அவனை மீட்டான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.

கடைசிப் போட்டியில் ஐச்சி இறக்கியது மெஜஸ்டி லார்ட் பிளாஸ்டர். இதற்கு பிளாஸ்டர் பிளேட், பிளாஸ்டர் டார்க் இரண்டுமே வேணும். இரண்டையும் வெளியே அனுப்ப மாட்டாங்க, முன்னணி வீரனுக்கு அடியில் 'சோல்' என்ற இடத்தில் சேர்த்து வைப்பாங்க. சேர்ந்தால் 2,000 வலிமை கூடும், அடியும் ஒன்று கூடும். தன் கறுப்பு வீரன் எதிராளி பக்கம் நின்று ஜெயிப்பதை ரென் பார்த்துக்கொண்டே தோற்றான். அதற்கப்புறம்தான் பழைய சிரிப்பு அவனுக்குத் திரும்ப வந்தது.