பழைய கடைவீடும் சுண்ணாம்புச் சுவரும்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் ஐந்தடி நடைபாதை, நடுவில் வானம் பார்த்த முற்றம். 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் நகரம் இடம்பெற்ற பிறகு, இவற்றில் பல வெள்ளைச் சுவரும் நாலே நாலு தளவாடமுமாகப் புதுக்கோலம் பூண்டிருக்கின்றன. அழகுதான்! ஆனால், பழைய செங்கல் சுவரில் சிமெண்டு மட்டும் பூசிவிடாதீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். முற்றத்தைக் கூரை போட்டு மூடுவதும் வீண் வேலை. காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தானே வருகின்றன! மரபுரிமை வட்டாரத்தில் வீடு வைத்திருப்பவர்கள், சீரமைப்பைத் தொடங்கும் முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதியைப் பெற்றுவிடுங்கள்.