டோக்கன் இல்லாத நாள்: ராமேஸ்வரம் கடலும் ஏஐ வானிலையும்

இந்த எபிசோடில் ஒரு சின்ன டோக்கனைப் பற்றிப் பேசப் போகிறோம். ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகு கடலுக்குப் போகணும்னா மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கணும். டோக்கன் கிடைத்தால் படகு கிளம்பும், கிடைக்கலன்னா ஜெட்டியிலேயே நிற்கும். மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசும் என்று வானிலை மையம் எச்சரித்ததால் டோக்கன் நிறுத்தம், மறு அறிவிப்பு வரும் வரை யாரும் கடலுக்குப் போகக் கூடாது. இப்படி ஒரு செய்தியை வருஷத்துக்குப் பல தடவை பேப்பர்ல பார்த்திருப்பீங்க.

அரசு சேவைகளை ஏஐ மாற்றப் போகிறது என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு உடனே சாட்பாட், முகம் அடையாளம் காண்பது, ஆன்லைன் சான்றிதழ் என்று போய்விடும். எனக்கு இந்த டோக்கன்தான் ஞாபகம் வரும். சாஃப்ட்வேர் இன்ஜினியர் கண்ணால பாருங்க: ஒரு பக்கம் டேட்டா உள்ளே போகுது, நடுவில் ஒரு மாடல் கணிக்குது, கணிப்பு ஒரு எல்லையைத் தாண்டினால் 'வேண்டாம்', தாண்டலன்னா 'போகலாம்'. அந்த ஒரு வார்த்தையில் ஆயிரக்கணக்கான பேரோட அன்றைய கூலி இருக்கு. ஆக, கணிப்பை வைத்து முடிவெடுக்கும் அரசு சேவை ராமேஸ்வரத்துக்குப் புதுசு இல்லை, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கு.

ஒரு நாள் டோக்கன் இல்லைன்னா என்ன போச்சுன்னு கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மிச்ச நாட்களிலும் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. அப்போ காற்று எச்சரிக்கையால் ஒரு நாள் போனால் அந்த வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. படகில் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிச்சத்தில் பங்கு. பாடு இல்லைன்னா பங்கும் இல்லை.

சரி, அப்போ எச்சரிக்கையைக் குறைத்துவிடலாமா? அங்கேதான் 2017 வருது. நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாளே அது ஒக்கி புயல். கன்னியாகுமரியின் ஆழ்கடல் படகுகள் பல அதற்கு வெகு நாள் முன்பே கரையை விட்டுக் கிளம்பியிருந்தன. புயல் வருதுன்னு அவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை. எத்தனை பேர் திரும்பி வரலன்னு அந்த ஊர்களில் கேட்டால் இன்றைக்கும் வீட்டு வரிசைப்படி சொல்வார்கள். ராமேஸ்வரம் தீவுக்கு இந்தப் பாடம் இன்னும் பழசு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ஊரையே கடல் கொண்டுபோனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலோடு சேர்த்து.

ஆக, பிழை இரண்டு வகை. காற்று வருதுன்னு சொல்லி வரலன்னா கூலி போகும். வராதுன்னு நினைத்து வந்துட்டா உயிர் போகும். இரண்டும் சமம் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முதல் பிழை அதிகமாகும்போது அது இரண்டாவதையும் வளர்த்துவிடும். சர்வர் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இது நல்லாத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும், எழுந்து பார்த்தால் ஒண்ணும் இருக்காது. இப்படிப் பத்து தடவை ஆச்சுன்னா பதினோராவது அலாரத்துக்கு யாரும் கண்ணையே திறக்க மாட்டாங்க. கடலிலும் அதே மனித மூளைதான். எச்சரிக்கை விட்ட நாளெல்லாம் கடல் குளம் மாதிரி கிடந்தால், அடுத்த எச்சரிக்கையை மதிக்க மனசு வராது.

இப்போ டோக்கன் கொடுக்கும் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்க. டோக்கன் கொடுத்து ஒரு படகு கவிழ்ந்தால் விசாரணை, செய்தி, சஸ்பென்ஷன் வரை போகலாம். கொடுக்காமல் இருந்து கடல் அமைதியாக இருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் சந்தேகம் வந்தால் நிறுத்தத்தான் செய்வேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. பிழையில் ஒரு வகைக்கு மட்டும் கணக்கு கேட்கும் ஏற்பாடு அப்படித்தான் வேலை செய்யும்.

இதே தீவில் காற்றை வைத்து முடிவெடுக்கும் இன்னொரு இடம் இருக்கு: பாம்பன் ரயில் பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு, ரயில் நிற்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் காற்று வேகம் பார்த்துத்தான் ரயில் விடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது என்னன்னா, அளப்பது அங்கேயே, அந்த நேரத்திலேயே நடக்குது. எல்லை எத்தனைன்னு எல்லாருக்கும் தெரியும். காற்று தணிந்தால் ரயில் கிளம்பும்.

படகுக்கு அப்படி முடியாது, நியாயம்தான். ரயில் பாலத்தைச் சில நிமிடத்தில் கடந்துவிடும். விசைப்படகு போனால் மறுநாள்தான் திரும்பும், அதனால் இப்போதைய காற்றை வைத்து முடிவெடுக்க முடியாது, நாளைய காற்று தெரியணும். கணிப்பு தேவைப்படுவது இங்கேதான். ஏஐக்கு நிஜமான வேலை இருப்பதும் இங்கேதான்.

வானிலைக் கணிப்பு இத்தனை காலம் எப்படி நடந்தது? பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாவற்றுக்கும் இயற்பியல் சமன்பாடுகளை சூப்பர் கம்ப்யூட்டரில் மணிக்கணக்காக ஓட்டுவார்கள். 2023இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் மாதிரியான மாடல்கள் வேறு வழியில் போயின. பல பத்தாண்டு வானிலைப் பதிவுகளைப் படித்து, இப்படி இருந்தால் அடுத்து இப்படி ஆகும் என்று கற்றுக்கொள்வது. பத்து நாள் கணிப்பு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் தன்னுடைய ஏஐ மாடலையே அன்றாடக் கணிப்புக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்தியாவிலும் 2025இல் இந்த வகை மாடல்களை வைத்து, 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். ஆக, இது லேபுக்குள் நிற்கும் விஷயம் இல்லை.

அப்படியே எடுத்து ராமேஸ்வரத்தில் மாட்டிடலாமே என்றால், மேப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்க. கிராஃப்காஸ்டின் ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி முனை வரை தீவின் நீளமே சுமார் 30 கிலோமீட்டர்தான். அதாவது மாடலின் கண்ணில் தீவு முழுசும் ஒரே கட்டம் மாதிரி. ஆனால் அந்த ஒரு கட்டத்துக்குள் இரண்டு கடல் இருக்கு. வடக்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே உள்ளதை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்குப் பக்கம் குதிக்கும், வடக்குப் பக்கம் தீவின் மறைப்பில் கொஞ்சம் அடங்கியிருக்கும். வாடைக்காற்று மாதங்களில் அப்படியே தலைகீழ். கரையில் நிற்கும் சின்னப் பையனுக்குத் தெரியும் இது, 28 கிலோமீட்டர் கட்டத்துக்குத் தெரியாது.

2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டத்தின் கட்டம் 6 கிலோமீட்டர். அது இயற்பியல் மாடல்தான், ஆனாலும் இங்கே பெரிய வித்தியாசம். அதுக்கு மேலே உள்ளூர் திருத்தம் என்று ஒரு அடுக்கு போடலாம். பெரிய மாடல் இந்த இடத்தில், இந்த மாதத்தில், இந்தத் திசைக் காற்றில் வழக்கமாக எவ்வளவு தப்பு செய்யுதுன்னு ஒரு சின்ன மெஷின் லேர்னிங் மாடல் கற்றுக்கொண்டு சரிசெய்யும். சொல்லப்போனால் பெரிய செலவே இல்லாத வேலை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கு: நிஜத்தில் காற்று எவ்வளவு அடித்தது என்ற பதிவு, கடல் மேலே, இரண்டு பக்கமும், பல வருஷத்துக்கு வேணும். அளக்காத இடத்தில் ஏஐ கற்றுக்கொள்ள ஒண்ணுமே இல்லை.

கணிப்பு சரியாக வந்தாலும் படகுக்குப் போய்ச் சேரணும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் போன் சிக்னல் கிடையாது. ஒக்கிக்குப் பிறகு 2019இல் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தன. செயற்கைக்கோள் வழியாகத் தகவலை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்குத் தரும். நல்ல யோசனை, ஆனால் ஒரு வழிப் பாதை. படகிலிருந்து 'காப்பாத்துங்க' என்று திருப்பிச் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இரண்டு பக்கமும் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்துகிறார்கள், 364 கோடி ரூபாயில்.

இந்த டிரான்ஸ்பாண்டர் கடல் எல்லைக்கு அருகே போனாலும் எச்சரிக்கும். அப்போ கைதுப் பிரச்சனை தீர்ந்துடுமான்னு கேட்பீங்க. தீராது. 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கோடு எங்கே இருக்குன்னு படகில் இருக்கும் ஜிபிஎஸ் ஏற்கெனவே காட்டுது. கோடு தெரியாமல் போகிறவர்களைவிட, மீன் அந்தப் பக்கம் இருக்குன்னு தெரிந்து போகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். அதுக்கு ஆப் கிடையாது. இதில் ஒரு சிக்கலும் இருக்கு. உயிர் காக்கும் அதே பெட்டி நீங்க எங்கே போனீங்கன்னும் சொல்லும். நம்மைக் கண்காணிக்கத்தான் இது என்று தோன்றிவிட்டால் பெட்டியை அணைத்துவைக்கத்தான் தோன்றும், புயல் வரும் நாளிலும் அது அணைந்தே கிடக்கும். அந்த இருப்பிடத் தகவலை யார், எதுக்கு, எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்பதைப் படகுக்காரருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கணும். தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, நெறிமுறையுள்ள ஏஐ கொள்கை என்று ஒன்றை வெளியிட்டிருக்கு. கேட்பதற்கு அதில் இடம் இருக்கு.

நாட்டுப்படகு, வல்லத்தில் போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி ரேடியோ. பாம்பனில் 2016இலிருந்து கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி இருக்கு, மீனவர்களுக்காகவே. இங்கே மொழி ஏஐ உதவ முடியும்: ஆங்கில வானிலை அறிக்கையை ஊர்ப் பேச்சில், கச்சான், வாடை, கொண்டல் என்று அவர்கள் காற்றுக்கு வைத்த பெயரில், சில நொடியில் ஒலியாக்கித் தரும். ஒரே ஒரு எச்சரிக்கை. எண்களை மட்டும் அந்த மாடல் கையில் கொடுக்கவே கூடாது. 55 என்பது வாய் தவறி 35 ஆனால் கதை முடிஞ்சது. வாக்கியத்தை மாடல் அமைக்கட்டும், வேகமும் நேரமும் அறிக்கையிலிருந்து நேராக வந்து உட்காரணும், ஒலிபரப்புக்கு முன்னால் ஒரு மனுஷர் கேட்கணும்.

எல்லாத்தையும்விட முதலில் செய்ய வேண்டியது என் பார்வையில் ஏஐயே இல்லை, ஒரு லாக். டோக்கன் நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: எந்தக் கணிப்பை வைத்து நிறுத்தினோம், எந்தக் கடலுக்கு, கடைசியில் நிஜமாக அடித்த காற்று எவ்வளவு. டோக்கன் கொடுத்த நாளுக்கும் அதே மாதிரி. துறைமுகத்தில் ஒரு போர்டில், இணையத்தில் ஒரு பக்கத்தில். அதிகாரிக்கும் அது பாதுகாப்பு, 'நான் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்' என்று காட்டலாம். 61 நாள் தடைக்கு நிவாரணம் கேட்க முடிவது அது எண்ணித் தெரிந்த 61 நாள் என்பதால்தான். காற்றுக்காக நிற்கும் நாட்கள் ஒண்ணு ஒண்ணா வரும், ஒண்ணு ஒண்ணா மறந்தும் போகும். எண்ணி வைத்தால், வெறும் எச்சரிக்கைக்காக நின்ற நாளுக்கு ஈடு கேட்கலாம், வடக்குக் கடலுக்கும் தெற்குக் கடலுக்கும் தனித்தனி டோக்கன் கேட்கலாம், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தணும் என்பதை மீனவர் சங்கங்களும் உட்கார்ந்து பேசலாம். நாளைக்கு ஒரு ஏஐ மாடல் வந்து 'நான் இன்னும் நல்லா கணிப்பேன்' என்றால், நிஜமா என்று பார்ப்பதற்கும் இந்த லாக்தான் வேணும்.

உங்க ஊர்த் துறைமுகத்தில் டோக்கன் நடைமுறை எப்படி இருக்கு, காற்றுக்கு நீங்க என்ன பெயர் சொல்வீங்க என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் இன்காய்ஸ் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பைப் பற்றிப் பேசலாம். செயற்கைக்கோள் எப்படிக் கடலின் நிறத்தையும் சூட்டையும் பார்த்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்லுது, பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்த கலங்கல் தண்ணீரில் அது ஏன் தடுமாறும் என்று பார்ப்போம்.