ஏட்டுக்கு ஒரு படி

தபால் முத்திரை சேர்ப்போர் ஒரு சாரார்; பழைய நாணயம் தேடித் திரிவோர் மற்றொரு சாரார்; சங்கும் சிப்பியும் பொறுக்கி வைத்துப் பெட்டி நிறைப்போரும் உண்டு. பொழுதுபோக்கு என்னும் இந்த நீண்ட வரிசையிலே கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு புதிய இனத்தார் வந்து சேர்ந்திருக்கின்றனர். இணையத்திலே தமக்கென ஒரு தளம் அமைத்து, அதனை வீட்டுத் தோட்டம்போல நாள்தோறும் கொத்தி, நீர் வார்த்து, களை பிடுங்கி வளர்ப்போர் அவர்கள். முகநூலிலே படம் போடுவோரை நாம் இங்கே கருதவில்லை. அது பிறர் வீட்டுத் திண்ணையிற் போய் உட்கார்ந்து பேசுவது போன்றது. வீட்டுக்காரர் திண்ணையை இடித்தால் பேச்சும் போயிற்று. தனித்தளம் என்பது சொந்தக் காணியிற் குடிசை கட்டிக்கொள்வது.

இத்தகைய ஒருவரின் அன்றாட வாழ்வு எப்படிப்பட்டது? வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது மிகச் சாதாரணமாகவே தோன்றும். பகலெல்லாம் வேறு தொழில். அவர் வங்கி எழுதுநராகவோ பொறியியலாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு கணினியின் முன் அமர்கிறார். முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும்: “நீங்கள் இட்ட படத்திலே நிற்பவர் என் பாட்டனார், பெயரைத் தவறாக எழுதியிருக்கின்றீர்கள்.” பெயரைத் திருத்துகிறார். அதனோடு அந்தப் பாட்டனாரைப் பற்றி மேலும் நான்கு செய்திகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று வேறொரு பக்கத்தில் உள்ள செய்தியோடு முரண்படுகிறது. அதைத் தேடப் புகுந்தால் நடுநிசி ஆகிவிடுகிறது. இல்லத்தரசியார் விளக்கை அணைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதும் இப்பொழுதுபோக்கின் ஓர் அங்கமே என்று அன்பர்கள் கூறுவர்.

இதற்கு வேண்டிய கருவிகளோ மிகச் சில. தளம் என்பது எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியில் வைக்கப்பட்ட சில கோப்புகள், அவ்வளவே. அவற்றைச் சென்றடைய ஒரு பெயர் வேண்டும். பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் வாடகை செலுத்த வேண்டும். வாடகை நின்றால் பெயர் பிறர் கைக்குப் போகும். நம் நாட்டிலே 2010ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் கிடைக்கின்றது என்பதைப் பலர் இன்னும் அறியார்.

வலையகம் என்னும் இந்த ஏற்பாடு பிறந்தது சுவிற்சர்லாந்திலே, ஜெனீவா நகரின் அருகிலுள்ள ‘சேர்ன்’ அணு ஆராய்ச்சி நிலையத்தில். 1991ஆம் ஆண்டு டிம் பேர்ணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் முதற் பக்கத்தை உலகுக்குத் திறந்துவிட்டார். வியப்பு என்னவெனில், அம்முதற் பக்கத்தின் ஆதி வடிவத்தை அந்நிலையத்தாரே பேணி வைக்கவில்லை. 1992ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றைக்கொண்டு 2013இலே அதனை மீண்டும் ஏற்றி வைத்தார்கள். உலகின் முதல் வலைப் பக்கத்துக்கே இக்கதி என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்வானேன்!

தமிழ்த் தளம் நடத்தப் புகுந்தவர்க்கு மற்றையோர்க்கில்லாத தொல்லை ஒன்று இருந்தது. ஆரம்ப நாளிலே ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டுமானால் அவருடைய எழுத்துருவையும் இறக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையிலே பெருவழக்காயிருந்தது பாமினி. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே ‘அம்மா’ என்று எழுதியது சில ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் நடுவிலே ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். தேடற்பொறியும் அதனை அவ்வாறே கண்டது. ஆகவே தமிழிலே தேடியவனுக்கு அப்பக்கம் அகப்படவேயில்லை. உலக மொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வகுத்த ‘யூனிகோட்’ முறையிலே 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது வீட்டுக் கணினிகளுக்குப் பரவத் தொடங்கிற்று.

இந்த இடைக்காலத்திலேதான் பொழுதுபோக்காளரின் பெருமை விளங்கியது. ஜேர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன், பல்வேறு எழுத்துருக்களில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் ‘பொங்குதமிழ்’ என்னும் மாற்றியைத் தமது சொந்தத் தளத்திலே எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வைத்தார். பழைய பாமினி எழுத்தை ஒரு பெட்டியில் இட்டால் மறு பெட்டியிலே ஒருங்குறித் தமிழ் வரும். எத்தனையோ கட்டுரைகளும் கவிதைகளும் மறுபிறவி எடுத்தது அச்சிறு பெட்டியின் வழியாகத்தான். பெரிய நிறுவனங்கள் செய்யாது விட்டதை ஒரு தனி மனிதர் தம் ஓய்வு நேரத்திலே செய்தார் என்பதை மாணாக்கர் மனங்கொள்ள வேண்டும்.

சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே வேதியியல் ஆராய்ச்சியாளராயிருந்த கு. கலியாணசுந்தரம் மற்றொருவர். தமிழ் நூல்களைப் பற்றித் தாம் அமைத்த தளத்தோடு நில்லாது, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ என்பதைத் தொடங்கி வைத்தார். பல நாடுகளில் வாழ்ந்த அன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதினர்; வேறு அன்பர்கள் பிழை திருத்தினர். முதலில் ஏறியது திருக்குறள். இன்று 500க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே கிடைக்கின்றன. கட்டடக் கலைஞரான யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன் 2003ஆம் ஆண்டிலே தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியபோது அது வெறும் வெளியாகவே கிடந்தது. இப்போது அங்கே ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2005ஆம் ஆண்டிலே தி. கோபிநாத், மு. மயூரன் என்னும் இளைஞர் இருவர் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்து சாம்பலான ஊர் நமது. அச்சாம்பலை நினைந்தவர்களுக்கே ‘நூலகம்’ போன்ற எண்ணம் தோன்றும்.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் அல்லவா, எங்கள் ஊருக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று மாணாக்கர் எம்மைக் கேட்பதுண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக, திருகோணமலைச் சாலையோரம் கிடக்கும் வாகரையை எடுத்துக்கொள்வோம். அப்பெயரை ஆங்கில எழுத்திலே ஒருவர் ‘வாகரை’ என்ற ஒலிப்படி எழுதுகிறார். ஒருவர் ‘வாஹரை’ என்கிறார். வேறொருவர் முதலெழுத்தை நீட்டுகிறார். ஒன்றைத் தேடுபவனுக்கு மற்ற இரண்டும் தென்படா. தென்படுபவையும் என்ன? 2004 டிசம்பர் 26ஆந் தேதி வந்த ஆழிப்பேரலை. 2006ஆம் ஆண்டின் கடைசியிலும் 2007 ஜனவரியிலும் நடந்த போர். மக்கள் ஊரைவிட்டு ஓடிய செய்தி. இவை யாவும் உண்மையே. ஆனால் ஓர் ஊர் அழிந்த நாட்களை மட்டும் உலகம் அறிந்து, அவ்வூர் வாழ்ந்த நாட்களை அறியாதிருப்பது பெருங் குறையன்றோ?

பொறுமையுள்ள பொழுதுபோக்காளனோ முதற் பக்கத்தோடு நிற்பதில்லை, தோண்டுகிறான். தோண்டுவோர்க்குப் புதையல் உண்டு. செலிக்மன் என்னும் ஆங்கில அறிஞரும் அவர் மனைவியாரும் இலங்கை வேடரைப் பற்றி எழுதிய பெருநூல் 1911ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் அச்சகத்திலே வெளிவந்தது. அதிலே கிழக்குக் கரையோர வேடர்க்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வாகரைப் பகுதியிலே தமிழ் பேசி, காட்டையும் களப்பையும் நம்பி வாழும் வேடர் குடிகளின் முன்னோரைப் பற்றி அறிய விரும்பும் மாணவன் முன்னாளிலே கொழும்புக்கோ இலண்டனுக்கோ போயிருக்க வேண்டும். இன்று ‘இணைய ஆவணகம்’ என்னும் பெருங்களஞ்சியத்திலே அந்நூலை வீட்டிலிருந்தபடியே காசின்றிப் புரட்டலாம். வெருகலுக்கு வடக்கே கொட்டியாரத்திலே 1660ஆம் ஆண்டு பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் எழுதிய நூலும் அவ்வாறே கிடைக்கின்றது. இரண்டும் அந்நியர் எழுதியவை. அந்நியர் கண்ணுக்குப் பட்டதையே எழுதினர். நம்மவர் எழுதியவற்றுள் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இலே வந்தது. நாட்டுப் பாடலும் கூத்தும் வழிபாடும் வழக்குச் சொல்லும் தேடித் திரட்டிய அப்பெரியார் இன்றிருந்தால் தனித்தளம் ஒன்றை நடத்தியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இனிக் கவலைக்குரிய பக்கத்துக்கு வருவோம். யாகூ நிறுவனம் 1999ஆம் ஆண்டு வாங்கிய ‘ஜியோசிற்றீஸ்’ என்னும் இலவசக் குடியிருப்பிலே இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை வைத்திருந்தனர். அவர்களுள் தமிழரும் பலர். 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் தேதி அதன் கதவை மூடிவிட்டார்கள். சில தொண்டர்கள் இரவு பகலாக முயன்று இயன்றவற்றைப் பிரதி எடுத்தனர்; எஞ்சியவை போயின. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2024இலே வெளியிட்ட கணக்கின்படி, 2013ஆம் ஆண்டிலே இருந்த வலைப் பக்கங்களுள் 100க்கு 38, பத்தாண்டுக்குள் மறைந்துவிட்டன. ஓலைச் சுவடியைச் செல் அரிக்க நூறாண்டு பிடித்தது. இதற்குப் பத்தாண்டு போதும்!

தனித்தளத்தின் பெரிய பலவீனம் அது தனியொருவருடையது என்பதே. அவர் நோயுற்றால், வாடகை கட்ட மறந்தால், கண்ணை மூடினால், தளமும் மூடிவிடும். கடவுச்சொல்லை அவர் மட்டுமே அறிவார். பிள்ளைகளோ அப்பா இரவிலே என்ன செய்து கொண்டிருந்தார் என்பதையே அறியார். வாகரை போன்ற ஊருக்கு இது பிறர்க்கு விளங்குவதைவிட நன்றாக விளங்கும். 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. கடலலை வீடுகளையே கொண்டுபோயிற்று. போர்க்காலத்திலே சட்டைத் துணியோடு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது பெட்டியிலிருந்த உறுதியும் படமும் கொப்பியும் இல்லை. கூத்துப் பாட்டெழுதிய கொப்பி அண்ணாவியார் வீட்டிலே ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும்.

ஏடு தேடிய நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட முடிந்தது, யாரோ பெயரறியாத ஒருவர் முன்பே படி எடுத்து வைத்திருந்தமையாலேயே. தளத்துக்கும் அதுவே முறை. மேலே கூறிய இணைய ஆவணகத்தை 1996இலே தொடங்கியவர் புறூஸ்ரர் கால் என்னும் அமெரிக்கர். அது சேமித்த பக்கங்களின் தொகை 2025 ஒக்டோபரிலே ஓர் இலட்சம் கோடியைத் தொட்டது. எவரும் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, “இதனைச் சேமித்து வை” என்று அங்கே விண்ணப்பிக்கலாம். ஒரு நிமிட வேலை. ஈழத்து நூலாயின் ‘நூலக’த்தாரிடம் ஒரு பிரதி கொடுக்கலாம். வீட்டிலே தனி வட்டு ஒன்றிலும் வேறூர் உறவினர் வீட்டிலே மற்றொன்றிலும் வைப்பது நன்று. பக்கத்தைச் சாதாரண எழுத்திலே அமைப்பதும் புத்தி. 1995இலே எளிய முறையில் எழுதிய பக்கங்கள் இன்றும் திறக்கின்றன. ‘ஃபிளாஷ்’ என்னும் மினுக்குக் கருவியை நம்பி அமைத்தவையோ 2020ஆம் ஆண்டின் முடிவோடு ஊமையாயின.

தளம் அமைக்க எதை எழுதுவது என்று மலைக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது, ஊர்ப் பெயரிலே தொடங்குக என்பதே. வாகரைப் பகுதியிலே மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி முதலிய ஊர்கள் கேணியில் முடிகின்றன. ஆங்கிலத்திலே இவற்றை எழுதியவர்கள் நடுவிலே இல்லாத ஒரு ரகரத்தைப் புகுத்திவிட, அரசாங்கப் பலகையும் அவ்வாறே நிற்கிறது. கண்டலடி என்றாற் களப்போரத்துக் கண்டல் மரம் நினைவுக்கு வருகிறது. பனிச்சை மரத்தைப் பற்றி ஒரு செய்தி: நைலோன் வருமுன்னர், பருத்தி நூலிலே பின்னிய வலை உப்புநீரில் இற்றுப் போகாதிருக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாயத்திலே அதனைத் தோய்த்து எடுப்பார்கள். அவ்வாறு வலை தோய்த்த கைகள் சில இன்னும் ஊரிலே இருக்கின்றன. காயை எந்தப் பதத்திற் பறிப்பது, எத்தனை நாள் ஊறவைப்பது, அந்தச் சாயத்தின் நாற்றம் எப்படியிருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் வாயாற் கேட்டுக் கைபேசியிலே பதியலாம்.

எம் மாணாக்கர் சிலர் இந்தப் பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கின்றனர். கேணியில் முடியும் அவ்வூர்கள் எழுதியாயிற்று. ஒரு படி தளத்திலும் ஒரு படி ஒற்றை ரூல் கொப்பியிலும் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்குப் பால்சேனைப் பக்கம் போவதாகச் சொல்கிறார்கள்.