விமான நிலையத்தில் காண்டிராக்ட் வேலை: 'பாஸ்' கிடைப்பது எப்படி?

சென்னை விமான நிலையத்தில் துப்புரவு, டிராலி தள்ளுவது, சரக்கு ஏற்றுவது என ஒப்பந்த தொழிலாளர்கள் ஏராளமானோர் வேலை பார்க்கிறார்கள். காண்டிராக்டர் வேலை கொடுத்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. பி.சி.ஏ.எஸ். எனப்படும் மத்திய அரசின் விமான பாதுகாப்பு அமைப்பு தரும் பாஸ் வேண்டும்.

இதற்கு விண்ணப்பிப்பது வேலை கொடுக்கும் நிறுவனம்தான். தொழிலாளியின் முகவரி, வழக்கு விவரங்களை போலீசார் சரிபார்ப்பார்கள். பழைய வழக்கு இருந்தால் 'யாருக்கு தெரியப்போகுது' என்று மறைக்கக்கூடாது. பிறகு சிக்கல்தான்.

பாசில் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் மட்டுமே மத்திய தொழிற்பாதுகாப்பு படையினர் விடுவார்கள். பாஸ் தொலைந்தால் உடனே போலீசில் புகார் செய்யவேண்டும். வேலையை விட்டால் திருப்பி ஒப்படைக்கவேண்டும். காண்டிராக்டர் மாறினால் புது பாஸ்தான்.

விசாரணை முடிய நாளாகலாம். அதனால் பாஸ் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விட்டுவிடாமல் இருப்பது நல்லது.