பனையும் பருவ வேலையும்

வண்டலூர் வட்டத்தில் ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் நிற்கும் பனை மரங்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. நிலங்கள் மனைகளாக மாறுவது இதற்கு ஒரு காரணம். மரமேறுவோர் அருகிவிட்டது மற்றொரு காரணம். ஏறுவாரில்லாத மரம் பயனற்றதென எண்ணப்பட்டு வெட்டப்படுகிறது. ஆகையால் பனைத் தொழிலின் பருவ முறையை நம் அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பனை விதை ஊன்றி 12 முதல் 15 ஆண்டுகள் கழிந்த பின்னரே பயன் தரும். பூத்த பிறகே ஆண்பனை எது, பெண்பனை எது என்று தெரியும். இரண்டிலும் பதநீர் இறக்கலாம். ஆனால் பாளை சீவிய பெண்பனையில் நுங்கை எதிர்பார்க்க இயலாது. எந்த மரத்தைப் பதநீருக்கு விடுவது, எதை நுங்குக்கு விடுவது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

தை, மாசியில் மட்டைகளைக் கழித்து மரத்தைத் துப்புரவு செய்வர். பாளை வெளிவந்ததும் அதைக் கடிப்பினால் இதமாக நசுக்கி, நாரால் கட்டி, நுனியைச் சீவிக் கலயம் பொருத்துவர். பங்குனி முதல் வைகாசி வரை பதநீர் மிகுதியாகச் சுரக்கும். காலையும் மாலையும் ஏறிப் பாளையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சீவிய வாய் காய்ந்து சுரப்பு குன்றும். ஒருவர் 30 முதல் 40 மரங்களைக் கவனிப்பாராயின், நாள்தோறும் அத்தனை மரங்களையும் இருமுறை ஏறி இறங்குகிறார் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதே இத்தொழிலின் உயிர்நாடி. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். கள் இறக்குவது தமிழ்நாட்டில் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. சுண்ணாம்பு மிகுந்தாலோ வெல்லத்தின் சுவையும் நிறமும் கெடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, தாமதமின்றி அன்றே காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையைப் பொடித்து இடுவர். பதம் வந்ததும் கொட்டாங்கச்சிகளில் வார்ப்பர். ஏறத்தாழ 8 லிட்டர் பதநீருக்கு 1 கிலோ வெல்லம் கிடைக்கும்.

கனடா தேசத்தின் கியூபெக் மாகாணத்தில், பனி உருகும் சில வாரங்களில் மேப்பிள் மரத்தைத் துளைத்து நீர் வடித்துப் பாகு காய்ச்சுகின்றனர். அந்நீரில் நூற்றுக்கு 2 பங்கு அளவே சர்க்கரை உண்டு. ஏறத்தாழ 40 லிட்டர் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு. நம் பனை நீர் அதைவிடப் பன்மடங்கு வளமானது. எனினும் அவர்கள் செழிப்பதன் காரணம் யாது? அவர்களது உற்பத்தியாளர் சம்மேளனம் 1966இல் தொடங்கியது. மிகுதியான பாகை அது பீப்பாய்களில் சேமித்து வைக்கிறது. 2021இல் விளைச்சல் குன்றியபோது, அந்த இருப்பில் ஏறத்தாழப் பாதியைச் சந்தைக்கு விட்டுத் தேவையை ஈடு செய்தது.

நம் பனையேறிக்கோ நான்கு மாத வருமானமே ஆண்டு முழுவதற்கும். பருவத்துக்கு முன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், அவர் சொன்ன விலைக்கே வெல்லத்தைத் தர நேர்கிறது. பருவத்தில் விலை தாழ்ந்தும், மழைக்காலத்தில் உயர்ந்தும் இருக்க, உயர்வின் லாபம் உழைத்தவரை அடைவதில்லை.

இதற்குப் பரிகாரம் கூட்டுறவே. சங்கம் தை மாதத்திலேயே கடன் தர வேண்டும். பொதுக் கொட்டகையும் அடுப்பும் அமைத்து விறகுச் செலவைக் குறைக்க வேண்டும். வெல்லத்தைத் தரம் பிரித்து, ஈரம் படாத கிடங்கில் காத்து, விலை ஏறியபின் விற்க வேண்டும். சர்க்கரை கலந்த வெல்லத்துக்குச் சங்கத்தின் முத்திரை கிடைக்கலாகாது. மரமேறுவோருக்கு விபத்துக் காப்புறுதியும் செய்து தருதல் கடமை.

பருவம் முடிந்தபின்னும் வேலை உண்டு. ஓலையில் பாயும் பெட்டியும் முடையலாம். நம் நெசவாளர் குடும்பத்தினரின் கைத்திறன் இதற்கு நன்கு உதவும். ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையைப் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். அவற்றுள் சிலவற்றை ஏரிக்கரையில் ஊன்றுவோமாக. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கவும், மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டாதிருக்கவும் அரசு அறிவித்தது. ஆயினும் மரத்தைக் காப்பது உத்தரவு மட்டுமன்று. மரமேறுவோருக்கு நியாயமான ஊதியம் கிடைத்தால் மரமும் நிலைத்து நிற்கும்.