தாத்தா போன மின்சார ரயில்... மாடல் செய்யலாம் வாங்க!

சென்னை பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போன ஞாபகம் இருக்கிறதா? 2004-ல் அந்த ஓட்டம் நின்றது. அதை மாடலாகச் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு முதல் சவால் பசையோ பெயின்ட்டோ அல்ல... தகவல்!

எந்த வருஷத்து ரயில்?

1931-ல் தொடங்கியபோது கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாறியது. வோல்ட் கூடினால் கூரை மேல் இருக்கும் இன்சுலேட்டர்களும் பெரிதாகும். ஆக, 1950-ல் ஓடிய ரயிலுக்கு 1980 போட்டோவைப் பார்த்துக் கூரை அமைத்தால் தப்பாகிவிடும்.

அளவு எப்படி?

வரைபடம் கிடைக்காவிட்டால் தண்டவாளமே ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 1,000 மி.மீ. நேர் எதிரே எடுத்த போட்டோவில், ரயிலின் முகப்புக்கு நேர் கீழே அந்த இடைவெளி 20 மி.மீ. இருந்தால், முகப்பில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 50 மி.மீ. சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு செல்லாது. 1:87 அளவு மாடலுக்கு 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும்.

நிறம்?

கறுப்பு-வெள்ளைப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஃபிலிம்களில் சில வகைகள் சிவப்பை உணராது. அது கறுப்பாகவே விழும். பயணம் செய்தவர்களைக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபாருங்கள்.

வீட்டு ஆல்பத்தில் அத்தையும் மாமாவும் பிளாட்பாரத்தில் நிற்க, பின்னால் ஒரு ரயில் தெரிகிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் வருஷத்தையும் ஸ்டேஷன் பெயரையும் எழுதி வையுங்கள்... சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே!